கண்ணாடியைக் கழற்றி ஒரு போட்டோ

ஜனவரி 19, ஞாயிறு

டிராக்டர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. தாள் நன்றாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்று எழுத ஆரம்பிக்கிறேன். முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் கேட்டிருந்தது. வசந்தாமணி சென்னியப்பன், கோபி என்று எழுதினேன். இரத்த வகையும் கேட்டிருந்தது. தெரியாததால் விட்டுவிட்டேன்.

காலையில் அமெரிக்காவிலிருந்து மகள் சிந்துஜா பேசினாள். ஆகஸ்டில் குழந்தை. இவர் போனை வாங்கி, "சரி கண்ணு, உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஏற்கெனவே ஒரு முறை குளித்திருந்தார்.

பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட் இருக்கிறது. ஏழு வருஷம் முன்பு மலேசியா போகலாம் என்று எடுத்து, போகாமல் பீரோவில் வைத்தது. விசாவுக்குத்தான் புதிதாக பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம். விண்ணப்பத்தை மருமகன் அங்கிருந்தே நிரப்புகிறார்.

"ஸ்டுடியோவுக்கெல்லாம் போக வேண்டாங்ம்மா. வெள்ளையா ஒரு சுவத்துக்கு முன்னாடி நின்னு போன்லயே எடுத்து அனுப்புங்க, போதும்" என்றாள்.

இவரும் உடனே, "அதான் சரி. ஸ்டுடியோக்காரன் இங்க நில்லு, அங்க பாருன்னு உசிர வாங்குவான்" என்றார். இவர் ஒரு விஷயத்துக்கு உடனே சரி என்று சொல்வது அபூர்வம்.

எங்கள் வீட்டில் எந்தச் சுவரும் வெள்ளையில்லை. இளம்பச்சை.

ஜனவரி 22, புதன்

இவருடைய வேட்டி ஒன்றை இரண்டு ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் நான் நின்றேன். இவர் எடுத்தார். வேட்டி மிக நன்றாக விழுந்திருந்தது. நான் இடது தோள் வரை இருந்தேன்.

மறுபடி எடுத்தார். இந்த முறை மின்விசிறி.

"இந்தப் போனு சரியில்ல" என்றார்.

ஜன்னல் திண்டில் போனைச் சாய்த்து வைத்து, அதுவாக எடுக்கும்படி செய்து, நானே என்னை எடுத்துக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டிவைக்கிற போட்டோ மாதிரி வந்தது. அதுதான் சரியான போட்டோ என்று சிந்துஜா சொன்னாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்று விழாவுக்குப் போகவில்லை. இவர் போட்டோவை எடுத்தேன். கூலிங் கிளாஸ் மாதிரி லேசாகக் கறுக்கிற அந்தக் கண்ணாடியோடு, மீசையெல்லாம் சீவி, கம்பீரமாக இருந்தார். அனுப்பினேன்.

மருமகன் பதில் போட்டார்: கண்ணாடி கூடாது.

இவரிடம் சொன்னேன்.

"கண்ணாடி போட்டாத்தான் அது நானு. கழட்டிட்டு எடுத்து, அப்பறம் கண்ணாடியோட போய் எறங்குனா, வேற ஆளுன்னு புடிச்சு வெச்சுக்குவான்."

"அங்க போயும் கழட்டச் சொல்லுவாங்களாமுங்க."

"எதுக்குக் கழட்டோணும்? என்ற கண்ணுல என்ன எழுதியிருக்குது?"

மதியம் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும்.

ஜனவரி 29, புதன்

வீட்டில் சாமான்களை இடம் மாற்றுவது எனக்குப் பிடிக்காது. எது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும். இன்று பெருக்க வருகிற பெண் ஸ்டூலை நடையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இவர் முழங்காலில் இடித்துக்கொண்டார். இவர் ஸ்டூலைத் திட்டினார். நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன்.

காபியையும் நான் மேஜையில் வைப்பதில்லை, கையில்தான் கொடுப்பேன். மேஜையில் வைத்தால் ஆறிவிடும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சிந்துஜா வீடியோவில் வந்து, அப்பாவிடம் நேரடியாகக் கேட்டாள். அவளுக்கு இல்லை என்று சொல்ல இவருக்குத் தெரியாது. வேட்டிக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு குழி. கண்ணைச் சுற்றி மட்டும் தோல் வெளுத்திருந்தது. வெயிலில் உட்கார்ந்து கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு முகத்தில் அந்த இடம் மட்டும் நிழலிலேயே இருந்திருக்கிறது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர கழற்றுவதில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்த ஆள் மாதிரி இருந்தார்.

"போனப் பாருங்க" என்றேன்.

"பாத்துட்டுத்தான இருக்கறேன்."

என் வலது காதுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஜன்னல் இருக்கிறது.

"இக்கட்டப் பாருங்க."

தலையைத் திருப்பினார். இப்போது இடது காதுக்கு அப்பால்.

"அப்பா, அம்மாவப் பாருங்கப்பா" என்று சிந்துஜா சிரித்தாள். இவரும் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று மருமகன் பின்னாலிருந்து சொன்னார்.

பல போட்டோ எடுத்தேன். ஒன்றிலும் இவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்டுப் பழகியவர்களுக்குக் கழற்றினால் மங்கலாகத்தான் தெரியும், அதுதான் காரணம் என்று சிந்துஜாவிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆபீஸ். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் பெயர் பதிவதும் எல்.எல்.ஆர். விண்ணப்பம் பார்ப்பதும் என் வேலை. சொல்லிக்கொடுப்பது இவர். போன வருஷத்திலிருந்து ரோட்டுப் பாடத்தை உதவிக்கு இருக்கிற செங்கோட்டுவேலிடம் விட்டுவிட்டு, இவர் சந்தைத் திடலில் மட்டும் சொல்லித் தருகிறார். ரோட்டில் நெரிசல் அதிகமாகிவிட்டது என்பார். நல்ல வாத்தியாருக்குக் காது போதும், கியர் மாற்றுகிற சத்தத்திலேயே ஆள் தேறுவானா மாட்டானா என்று தெரிந்துவிடும் என்றும் சொல்வார்.

தையல் கடை பெனசீர் வகுப்பு முடிந்து ஆபீஸுக்குள் வந்து தண்ணீர் கேட்டது. குடித்த பிறகும் போகாமல் நின்றது.

"அக்கா, இன்னிக்கு ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கால வந்துருச்சுங்க்கா. நான் பிரேக் போட்டேன். எதுக்கும்மா நடு வழியில நிறுத்துறேன்னு சார் கேக்கறாரு."

"சரி."

"முன்னாடியேதாங்க்கா நின்னுச்சு. சார் அதப் பாக்கவே இல்லீங்க்கா."

"உன்னச் சோதிச்சிருப்பாரு" என்றேன். "நீயாப் பாத்து நிறுத்துறயான்னு."

பெனசீர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படிங்களா" என்றது.

நான் எல்.எல்.ஆர். காகிதங்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் பேப்பரை நான் சத்தமாகப் படிப்பதும் இவர் கேட்பதும் வழக்கம். மனதுக்குள் படித்தால் எனக்குப் பிடிபடுவதில்லை. இன்று தொண்டை கட்டியிருந்ததால் படிக்கவில்லை. இவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கங்களைத் திருப்பினார்.

"ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்டேன்.

"அதே கதைதான்" என்றார்.

கஷாயம் வைத்துக் குடித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மருமகன் நினைவுபடுத்தினார், போட்டோ இன்னும் வரவில்லை என்று. மறுபடி வேட்டி, மறுபடி ஆணி. இந்த முறை வீடியோவில் யாரும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதை மேஜையில் வைத்துவிட்டு எதிரே நின்றேன். "அசையாம நில்லுங்க, எடுக்கப் போறேன்" என்றேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டார்.

பிறகு நான் செருப்பில்லாத காலோடு, சத்தம் வராமல் இடது பக்கமாக நகர்ந்தேன். மேஜையைத் தாண்டினேன். சமையலறை வாசல்படி வரைக்கும் போய் நின்றேன். இவர் நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காலண்டர்தான் இருந்தது. அதற்கு முகத்தை ஒழுங்காகக் காட்டிக்கொண்டு, மீசையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து, "ம், எடுத்தாச்சா?" என்று காலண்டரிடம் கேட்டார்.

"எடுத்தாச்சுங்க" என்றேன், வாசல்படியிலிருந்து.

இவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. திரும்பினார். மேஜைப் பக்கம் கையை நீட்டிக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அடுத்த ஓரத்தில் இருந்தது. நான் போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இவராகவே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

போட்டோ எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இந்த வருஷம் சென்னிமலைக்குப் போகவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் என்றார். அதிகமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் வண்டிச் சாவியை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். இவர் சாவி மாட்டுகிற ஆணியைத் தடவிவிட்டு, "சாவி எங்க?" என்றார்.

"எங்கிட்ட இருக்குதுங்க."

"குடு. பெனசீர் வந்துரும்."

"அதுக்குச் செங்கோட்டுவேல் சொல்லிக் குடுப்பான். நீங்க இனி வண்டில ஏற வேண்டாங்க."

இவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபத்துக்குத் தயாராக இரண்டு மூன்று பதிலும் வைத்திருந்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள சொல்லுச்சா?"

"ஆட்டுக்குட்டியச் சொல்லுச்சு."

"ஆட்டுக்குட்டியா?" என்றார். "நான் என்னமோ சும்மா நிறுத்துதுன்னு நெனச்சேன்."

அப்புறம் அவர் கேட்டது: "கொழந்தையா இருந்திருந்தா?"

அதற்குப் பதில் எதுவும் வைத்திருக்கவில்லை.

இடது கண்ணில் சுத்தமாகத் தெரிவதில்லை என்றார். எப்போது போனது என்று அவருக்கே தெரியாதாம். ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கியபோதுதான் இடது கண் இல்லை என்பது தெரிந்ததாம். வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம். ஓரமெல்லாம் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமுங்க."

"போனா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். எங்கப்பனும் இப்படித்தான். கடேசியில கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவுல கயிறு கட்டி உட்டிருந்தோம், அதப் புடிச்சுட்டே போவாரு. அவரு கவுரவம் பாக்கற ஆளு. அந்தக் கயித்தப் புடிச்சு நடக்கறப்ப ஆராச்சும் வந்தா அப்படியே நின்னுக்குவாரு, சும்மா நிக்கற மாதிரி."

மாமனார் கண் தெரியாமல் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். கயிறு பற்றி இன்றுதான் கேள்விப்பட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை."

"வசந்தா."

"முன்னாடியே தெரியுமுங்க" என்றேன்.

"அப்பறம் ஏன் கேக்குல?"

"கேட்டா நீங்க பதில் சொல்லிருவீங்கன்னுதான்."

இவர் தலையை ஆட்டினார். ஆபீஸ் திறக்கத் தாமதமாகிவிட்டது. பெனசீர் வாசலில் நின்றிருந்தது. செங்கோட்டுவேலிடம் சாவியைக் கொடுத்தேன். முடிச்சு இறுகி, அவிழ்க்க நேரமாயிற்று.

பெனசீரிடம், "ஆட்டுக்குட்டி விஷயம் நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியுமுங்க்கா" என்றது.

பிப்ரவரி 17, திங்கள்

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், இன்னொன்றில் வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இவர் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று வெளிச்சம் வருவதையெல்லாம் பார்த்தேன். வந்துகொண்டேதான் இருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் பிரஷர் என்றது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருமாம். வலியே இருக்காதாம்.

"சாவி ஓட்ட வழியாப் பாக்கற மாதிரி இருக்குமே உங்களுக்கு?"

"அப்படித்தானுங்க இருக்குது" என்றார் இவர். யாரோ முதன்முதலாக அதைச் சரியாகச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் போலிருந்தது.

"போனது திரும்பி வராதுங்க ஐயா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்து விடாமப் போடணும். வலது கண்ணுக்கு ஒரு ஆபரேஷனும் தேவைப்படும்."

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆகஸ்ட் வரைக்கும் இருக்குமுங்களா?"

டாக்டர் காலண்டரைப் பார்த்தது. ஆகஸ்டில் என்ன என்று கேட்டது. சொன்னோம்.

"இருக்க வெச்சுருவோம்" என்றது. "அதுக்கப்பறமும் மருந்த நிறுத்தக் கூடாது."

வரும் வழியில் அவிநாசியில் காபி குடித்தோம். டம்ளரை இவர் கையில் கொடுத்தேன். "ஏன், மேஜைல வெச்சா ஆறிரும்னா?" என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சிந்துஜாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொன்னேன்.

அவள் அழுதாள். பிறகு, தன் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு அழவில்லை, குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆபரேஷன் செய்தால் கண் கொஞ்ச நாள் சிவந்திருக்குமாம். அதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடலாம் என்று வேட்டியைக் கட்டினேன்.

இவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பையில் வீங்கித் தெரியும் என்று நான் வாங்கிக்கொண்டேன்.

"எக்கட்டப் பாக்கறது?" என்று கேட்டார். இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை.

நான் போனை என் முகத்துக்கு நேராக, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"நான் பேசறேன். பேச்சு வர்ற பக்கம் பாருங்க."

"என்ன பேசுவே?"

"எதையாச்சும்."

ஆனால் பேசு என்றால் பேச வருவதில்லை. நாளைக்கு இட்லிக்கு மாவு இல்லை என்றேன். இவர் முகம் கொஞ்சம் திரும்பியது. பெனசீர் ரோட்டுப் பாடத்துக்கு வந்துவிட்டது என்றேன். செங்கோட்டுவேல் நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே கத்துகிறான் என்றேன். முகம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் நான் கயிறெல்லாம் கட்ட மாட்டேன் என்றேன்.

"பின்ன?"

"நான் இருக்கறனுங்க."

அப்போது என்னைப் பார்த்தார். நேராக, இரண்டு கண்ணாலும். ஒரு கண்ணில் நான் சுத்தமாக இல்லை, இன்னொன்றில் எவ்வளவு இருந்தேன் என்று தெரியாது. போட்டோவில் அது தெரியவில்லை. போட்டோவில் ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் பதில் போட்டார்: ஓகே, பர்ஃபெக்ட்.

மாவுக்கு அரிசி ஊறப்போட்டேன்.

மார்ச் 12, புதன்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. தலையை என் மடியில் வைத்துச் சொட்டு மருந்து போடுகிறேன். முதலில் நான்கு சொட்டு கன்னத்தில் விழும். இப்போது கைப்பழக்கம் வந்துவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

சென்னை. விசா நேர்காணல். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள், நன்றாகவே தமிழ் பேசினார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"பேரப் புள்ளையப் பாக்க" என்றார் இவர்.

என்ன தொழில் என்று கேட்டார்.

"கார் ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தனுங்க. இப்பக் கண்ணு செரியில்ல, நிறுத்திட்டேன்."

அந்த அம்மாள் கம்ப்யூட்டரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சொல்லாமலே இவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் அத்தனை பேருக்கு முன்னால்.

விசா கிடைத்துவிட்டது. வெளியில் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட ரோட்டில் இப்படி நடந்ததில்லை. வெயில் சொல்ல முடியாத வெயில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அமெரிக்கா. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இவர் காலையிலேயே மருந்து போட்டுக்கொண்டு, மீசையைச் சீவி, ஜன்னல் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சிந்துஜா குழந்தையை இவர் கையில் வைத்தாள். தலையை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. இவர் ஏற்கெனவே சரியாகத்தான் பிடித்திருந்தார்.

குழந்தையை முகத்துக்கு மிக அருகில் தூக்கினார். முழுக் குழந்தையும் ஒரே பார்வையில் கிடைக்காது என்பதால் நெற்றியில் ஆரம்பித்தார். நெற்றியிலிருந்து மூக்கு. மூக்கிலிருந்து வாய். வாயில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு காது, சுற்றிக்கொண்டு போய் இன்னொரு காது. ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. மருமகன் மட்டும் போனைத் தூக்கினார், சிந்துஜா அவர் கையைக் கீழே இறக்கினாள்.

"கண்ண மூடியிருக்குது" என்றார்.

"தூங்குறாப்பா."

"செரி, தொறக்கட்டும்" என்று காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்துத் திறந்தது. பிறந்த குழந்தைக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாதாம், தூக்கி வைத்திருக்கிறவர் முகம் வரைக்கும்தான் பார்வை போகுமாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதாக சிந்துஜா சொன்னாள்.

"அப்படியா" என்றார் இவர். "எனக்கும் அவ்வளவுதான்."

இரண்டு பேரும் அந்தத் தூரத்திலேயே இருந்தார்கள். நான் பருப்பு வேக வைக்கப் போனேன்.